எண்டோமெட்ரியோசிஸைச் சீக்கிரம் கண்டுபிடிக்க மூலக்கூறுக் குறிப்பான்கள்: மும்பையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறுக் குறிப்பான் என்றால் நோய் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் புரதம், ஆர்என்ஏ போன்ற பொருள். அவற்றைத் தேடும் ஆய்வுக்கு ரத்தமோ உமிழ்நீரோ கொடுக்கச் சம்மதிக்கும் பெண்கள், கூட வரும் அம்மாக்கள், கணவர்கள், அந்த சாம்பிள்களைக் கையாளப் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான். லேப் வேலை பற்றிய பகுதிகள் மாணவர்களுக்காக விரிவாக இருக்கின்றன. மற்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தம் பிறகு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன? கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருஷம் ஆகிறது?

கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சினைப்பை, வயிற்றறையின் உள் உறை, குடல், சிறுநீர்ப்பை என்று எங்கு வேண்டுமானாலும் அது ஒட்டி வளரலாம். மாதவிடாயின் ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கு அதுவும் கட்டுப்படுகிறது, கசிகிறது, சுற்றிலும் அழற்சியை உண்டாக்குகிறது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைத்தான் 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

தாமதத்துக்கு முதல் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. 'எல்லாப் பெண்ணுக்கும் வலிக்கத்தான் செய்யும்', 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்ற இரண்டு வாக்கியங்களிலேயே பல வருடங்கள் கரைந்துவிடுகின்றன. அடுத்த காரணம் மருத்துவம். வயிற்றறை உறையில் கடுகளவு இருக்கும் புள்ளிகள் சோனோகிராபியில் பெரும்பாலும் தெரிவதில்லை. பயிற்சி பெற்ற கைக்கு சிஸ்ட்டும் ஆழமாக ஊடுருவிய முடிச்சும் தெரியும், மேலோட்டமான வகை தெரியாது. வலியின் கடுமைக்கும் நோயின் பரப்புக்கும் சம்பந்தம் குறைவு. முதல் நிலையில் இருப்பவள் தரையில் சுருண்டு கிடப்பாள், நான்காம் நிலையில் இருப்பவள் குழந்தை இல்லை என்று பரிசோதிக்கப் போகும்போதுதான் தெரிந்துகொள்வாள். அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய்க்குப் பெயர் வைக்கும்வரை பல நாடுகளில் 4 முதல் 12 வருடம் ஆகிறது. மூலக்கூறுக் குறிப்பான்களைத் தேடுவதே இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

சிஏ-125 என்று ஒரு பிளட் டெஸ்ட் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு அழுத்திப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'சிஏ-125 நார்மல், ஒன்றும் இல்லை' என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பப்பட்டு, அதற்குப் பிறகும் வலியோடு வருடக்கணக்கில் வாழும் பெண்கள் இருக்கிறார்கள்.

சிஏ-125 சினைப்பைப் புற்றுநோய்க்காக 1980-களில் பயன்பாட்டுக்கு வந்த குறிப்பான். ரிப்போர்ட்டில் 35 யூனிட் என்று ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். எண்டோமெட்ரியோசிஸில் அதைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த பகுப்பாய்வு 30 யூனிட்டை எல்லையாக வைத்துப் பார்த்தது. நோய் இல்லாதவர்களில் 93 சதவீதம் பேரைச் சரியாக 'இல்லை' என்றது. ஆனால் நோய் உள்ளவர்களில் 52 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. நூறு நோயாளிகளில் 48 பேர் நார்மல் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள். அதுவும் ஆரம்ப நிலையில்தான் அதிகம் தவறுகிறது. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டியவர்களையே அது விட்டுவிடுகிறது.

அளவு கூடியிருந்தாலும் பயந்துவிட வேண்டாம். மாதவிடாய் நாட்களில் கூடும், கர்ப்பத்தில் கூடும், ஃபைப்ராய்டு கட்டியிலும் இடுப்பறைத் தொற்றிலும் கூடும். நம் நாட்டில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது வயிற்றறைக் காசநோய். அதில் சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறி, புற்றுநோயோ என்று குடும்பத்தையே கலங்கடிக்கும். சிஸ்ட் பற்றிச் சந்தேகம் இருந்தால் எச்இ-4 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எண்டோமெட்ரியோசிஸில் அது பொதுவாக ஏறுவதில்லை என்பதால் புற்றுநோயிலிருந்து பிரித்தறிய உதவும்.

லேப்ராஸ்கோப்பி செய்தால்தான் உறுதியாகுமா?

வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் லேப்ராஸ்கோப்பி. முன்பு அதில்தான் உறுதியாகும் என்று சொன்னார்கள். எஷ்ரே எனப்படும் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருந்தாலோ, மருந்து பலன் தராவிட்டாலோ, மருந்து பொருந்தாவிட்டாலோதான் நோயறிய லேப்ராஸ்கோப்பி. அதே வழிகாட்டுதல் ரத்தம், கருப்பைத் திசு, மாதவிடாய்த் திரவம் எதிலும் குறிப்பான் பார்த்து நோயை முடிவு செய்யக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

அப்படியானால் இத்தனை வருஷமாக எதைத்தான் தேடுகிறார்கள்?

தேடாதது குறைவு. அழற்சிப் புரதங்கள், ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதங்கள், எதிர்ப்பொருள்கள், கருப்பை உட்சுவரில் ஓடும் மெல்லிய நரம்பிழைகள், சிறுநீரில் வரும் புரதங்கள், செல்கள் வெளியே விடும் நுண்பைகள், ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகள், மைக்ரோ ஆர்என்ஏ எல்லாமே பட்டியலில் உண்டு. ரத்தக் குறிப்பான்களை மட்டும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2016-இல் அலசியபோது 141 ஆய்வுகளில் 122 குறிப்பான்கள் இருந்தன. மருத்துவமனையில் பயன்படுத்தும் தரத்தில் ஒன்றுகூட இல்லை என்று முடித்தது.

நரம்பிழை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பை உட்சுவரிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து, பிஜிபி 9.5 என்ற புரதத்துக்குச் சாயமேற்றினால், நோய் உள்ளவர்களிடம் நரம்பிழைகள் தெரிகின்றன என்று ஆரம்ப ஆய்வுகள் காட்டின. 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தது. பிறகு மற்ற குழுக்கள் செய்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை. துணுக்கை எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள், எந்தச் சாயம், எத்தனை வெட்டுகள் பார்த்தார்கள், அந்தப் பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாளா என்று ஒவ்வொன்றும் விடையை மாற்றியது. இந்தத் துறையில் மூலக்கூறுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே மூலக்கூறை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அளப்பதில்தான் இதுவரை தோற்றிருக்கிறோம்.

பிரான்சில் உமிழ்நீர் டெஸ்ட் வந்துவிட்டது என்கிறார்களே?

ஆமாம், வந்தது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கும், உமிழ்நீரிலும் ரத்தத்திலும் ஓரளவு சிதையாமல் நிற்கும். சிவிக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் டெஸ்ட் 109 மைக்ரோ ஆர்என்ஏக்களை உமிழ்நீரில் வரிசைப்படுத்தி, கணினி மாதிரியால் முடிவு சொல்கிறது. முதல் ஆய்வு 2022-இல் 200 பெண்களிடம் நடந்தது. 2023-இல் வெளியான சரிபார்ப்பின் இடைக்கால முடிவில் நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன் 96.2 சதவீதம், இல்லாதவரை விட்டுவிடும் திறன் 95.1 சதவீதம்.

நல்ல எண்கள்தான். நிதானிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. முதல் ஆய்வின் 200 பேரில் 153 பேருக்கு நோய் இருந்தது, ஒப்பிட 47 பேர்தான். நூறுக்கு மேல் அளவீடுகளை இவ்வளவு குறைந்த பேரிடம் பொருத்தும்போது, கணினி அந்தக் குறிப்பிட்ட பெண்களையே மனப்பாடம் செய்துவிடும் ஆபத்து உண்டு. பிரான்சின் சுகாதார உயர் ஆணையம் 2024 ஜனவரியில், பரிசோதனையும் ஸ்கேனும் பதில் தராத பெண்களுக்கு மட்டும் மூன்றாம் கட்டமாக, மேலும் தரவு சேகரித்துக்கொண்டே பயன்படுத்தலாம் என்றது. அங்கே எச்சில் துப்பினால் போதும் என்று நேரே போய்ச் செய்துகொள்ளும் டெஸ்ட் இல்லை. இந்தியப் பெண்களிடம் தனியாகச் சரிபார்க்காமல் இங்கே அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

'90 சதவீதம் சரி' என்றால் நம்பலாம்தானே?

யாரிடம் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு டெஸ்ட் நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரை விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கல்லூரியில் 1,000 பெண்களுக்குச் செய்கிறோம். 10 சதவீதக் கணக்கில் 100 பேருக்கு நோய், அதில் 90 பேர் பாசிட்டிவ். மீதி 900 பேரில் 90 பேர் தவறாகப் பாசிட்டிவ். ஆக பாசிட்டிவ் வந்த 180 பேரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. அதே டெஸ்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கக்கூடிய வலிச் சிகிச்சைப் பிரிவில் 1,000 பேருக்குச் செய்தால் 450 பேர் சரியான பாசிட்டிவ், 50 பேர் தவறான பாசிட்டிவ். இப்போது பத்தில் ஒன்பது சரி. டெஸ்ட் ஒன்றுதான், வரிசையில் நிற்பவர்கள்தான் வேறு. எந்த விளம்பரத்தில் சதவீதத்தைப் பார்த்தாலும் 'யாரிடம் சோதித்தீர்கள்?' என்று கேளுங்கள்.

அம்மாவுக்கும் இருந்தது. மரபணு டெஸ்டில் தெரியுமா?

தெரியாது. இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோய் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு. ஆனால் அது ஒரே மரபணுவில் இல்லை. 2023-இல் வந்த மிகப் பெரிய ஆய்வு 60,674 நோயாளிகளை 7,01,926 பேரோடு ஒப்பிட்டு 42 மரபணு இடங்களைக் குறித்தது. அவை எல்லாம் சேர்ந்தும் 5 சதவீத வேறுபாட்டைத்தான் விளக்குகின்றன. அதில் இருந்தவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். இந்தியப் பெண்களின் தரவு இல்லாத குறையை நிரப்பத்தான் பரேலில் உள்ள, ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் பல ஊர் மருத்துவமனைகளோடு சேர்ந்து மருத்துவ, மரபணு ஆய்வு நடத்துகிறது. அம்மாவுக்கு இருந்தது என்ற தகவலை டாக்டரிடம் சொல்வது இன்றைக்கு எந்த மரபணு ரிப்போர்ட்டையும்விட உபயோகமானது.

ரத்தம் எடுக்க ஏன் இத்தனை கெடுபிடி? சாதாரண லேபில் இப்படிக் கேட்பதில்லையே.

சர்க்கரை பார்ப்பதற்கும் மைக்ரோ ஆர்என்ஏ பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மாணவர்கள் இதை வரிவரியாகப் படிக்கவும்.

லோக்கல் ரயிலில் நெரிசலில் நின்று வந்தவரை உடனே குத்தாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், வலி மாத்திரை போட்டாரா, மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 21 கேஜ் ஊசி வையுங்கள், மெல்லிய ஊசியில் சிவப்பணு உடையும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சீரம் தேவையென்றால் சிவப்பு மூடி டியூப் முதலில், ஊதா மூடி இடிடிஏ டியூப் பிறகு. பச்சை மூடி வேண்டவே வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின், மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். டியூபைக் குறித்த கோடு வரை நிரப்பி, எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கக் கூடாது.

ரத்தத்தை ஐஸ் பேக்கோடு ஒட்டிவைத்து எடுத்துவருவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. டியூபின் ஓரத்தில் ரத்தம் உறைந்தாலே சிவப்பணு உடைந்துவிடும். பிளாஸ்மா பிரிக்கும்வரை அறை வெப்பத்தில் நிமிர்த்தி வையுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பிரித்துவிடப் பாருங்கள். மே மாத மும்பையில் பைக்கின் பெட்டிக்குள் இருக்கும் சூடு அறை வெப்பம் ஆகாது.

பிளாஸ்மாவைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் முதல் சுழற்சி 2,000 ஜி, 10 நிமிடம். இங்கேதான் இன்னொரு தவறு நடக்கிறது. ஜி-யும் ஆர்பிஎம்மும் ஒன்றல்ல: ஜி என்பது சாம்பிள் மீது விழும் விசை, ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 16 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 2,000 ஆர்பிஎம் என்று போட்டால் கிடைப்பது 715 ஜி தான், 2,000 ஜி வேண்டுமானால் சுமார் 3,350 ஆர்பிஎம் வைக்க வேண்டும். குறைந்த வேகத்தில் சுழற்றினால் தட்டணுக்கள் பிளாஸ்மாவிலேயே தங்கும், அவற்றுக்குள் ஏராளமான மைக்ரோ ஆர்என்ஏ இருக்கிறது. மேலே உள்ள பிளாஸ்மாவை உறிஞ்சும்போது வெள்ளையணுக்கள் படிந்த வெள்ளை வரிக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரை எடுப்பவர் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வார். எடுத்ததை 10,000 ஜி-யில் இன்னொரு 10 நிமிடம் சுழற்றி, 250 மைக்ரோ லிட்டர் வீதம் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் உருக்க வேண்டும், அதற்காகத்தான் சிறிது சிறிதாகப் பிரிப்பது. சாதாரண மார்க்கர் பேனாவில் எழுதிய எண், ஸ்பிரிட் பட்டால் போய்விடும். குளிர் தாங்கும் லேபிள் ஒட்டுங்கள்.

மழைக்காலத்தில் சாம்பிள் வேறு லேபுக்குப் போகிறதென்றால் 24 மணி நேரத்துக்கு 5 கிலோ உலர் ஐஸ் என்று கணக்கிட்டு, அதன் மேல் ஒரு நாளுக்குக் கூடுதலாகப் போடுங்கள். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கூரியர் பையன் என்ன செய்வான்? வெப்பப் பதிவுக் கருவி பெட்டிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிளாஸ்மா லேசாகச் சிவந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

அளந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள், 0.2-க்கு மேல் என்றால் ஒதுக்கிவைப்பது பல லேப்களின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவும் உண்டு. அதற்கு மிர்-23ஏ, மிர்-451ஏ என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களின் பிசிஆர் சுற்று எண்களைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் 7-ஐத் தாண்டினால் சிவப்பணு உடைந்திருக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மிர்-451ஏ சிவப்பணுவுக்குள் கொட்டிக்கிடக்கும் மூலக்கூறு. எண்டோமெட்ரியோசிஸில் ரத்தத்தில் கூடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் குறிப்பானும் இதே மிர்-451ஏ தான். நோயாளிகளின் ரத்தத்தை ஆபரேஷன் தியேட்டரில் அவசரமாக எடுத்து, ஒப்பீட்டுப் பெண்களின் ரத்தத்தை வெளிநோயாளர் அறையில் நிதானமாக எடுத்தால், இரண்டுக்கும் நடுவே 'வித்தியாசம்' கிடைத்தே தீரும். அது நோயின் வித்தியாசமா, ஊசியின் வித்தியாசமா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே இரு தரப்புக்கும் ஒரே இடம், ஒரே கை, ஒரே டியூப், ஒரே நேரக் கெடு. 2014-இல் வெளியான உலக எண்டோமெட்ரியோசிஸ் ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொது நெறிமுறை இதற்காகவே எழுதப்பட்டது. படிவங்களைச் சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு ஒப்பிடுவது?

நல்ல ஆரோக்கியமான கல்லூரி மாணவிகளோடு ஒப்பிட்டால் எந்த டெஸ்டும் பிரமாதமாகத் தெரியும். டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவளோ வலியோடு வந்தவள். அவள் வலிக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸா, அதே மாதிரித் திசு கருப்பைத் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸா, தொற்றா, குடல் கோளாறா என்பதுதான் கேள்வி. ஆகவே வலி இருந்தும் லேப்ராஸ்கோப்பியில் நோய் இல்லை என்று தெரிந்த பெண்கள்தான் சரியான ஒப்பீடு. கிடைப்பது கடினம், ஆனால் குறுக்கு வழி இல்லை.

இன்னொன்று: தெரிந்த மனித மைக்ரோ ஆர்என்ஏக்கள் 2,600-க்கு மேல். எல்லாவற்றையும் சோதித்து, இருபதில் ஒன்று தற்செயலாகத் தேறிவிடும் 0.05 என்ற புள்ளியியல் எல்லை வைத்தால் சும்மாவே 130 'குறிப்பான்கள்' கிடைக்கும். அதற்கான புள்ளியியல் திருத்தம் செய்யுங்கள், பிறகு முற்றிலும் புதிய பெண்களிடம் சரிபாருங்கள்.

மாதவிடாயின் எந்த நாளில் வர வேண்டும்? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

ஆய்வுக் குழு சொல்லும் நாளில் வாருங்கள், தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். கருப்பை உட்சுவரின் மரபணு இயக்கம் சுழற்சியின் கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக மாறும். அந்த மாற்றம் நோயின் மாற்றத்தையே மூடிவிடும். டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்து, கருத்தடை மாத்திரை போன்றவையும் முடிவை மாற்றுவதால், கடந்த மூன்று மாதமாக ஹார்மோன் எடுக்காதவர்களையே பல ஆய்வுகள் சேர்க்கின்றன. ஆனால் ஆய்வில் சேர்வதற்காக உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் வலி எங்கள் தரவைவிட முக்கியம்.

மாதவிடாய் ரத்தத்தையே கேட்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நியாயமானது, மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: அதில் கருப்பை உட்சுவரின் செல்களே வருகின்றன, ஊசியும் வேண்டாம், துணுக்கு எடுக்கவும் வேண்டாம். நோய் உள்ளவர்களின் மாதவிடாய்த் திரவத்தில் கருப்பைக்குரிய என்கே என்ற நோயெதிர்ப்புச் செல்கள் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2022-இல் காட்டியிருக்கிறது. மாதவிடாய்க் கப்பில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கப் பழக்கம் இல்லாதவர்கள், திருமணமாகாத பெண்கள் தயங்கினால் வற்புறுத்தக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் என்ன பார்க்க வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?

ஆய்வுக்கான பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இதைச் சொல்கின்றன. படிவம் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருந்து புரியவில்லை என்றால் தமிழில் கேளுங்கள், படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சாம்பிளை எத்தனை வருடம் வைப்பார்கள், வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, நடுவில் விலகினால் அழிப்பார்களா என்ற நான்கையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

ஆய்வு முடிவை எனக்குச் சொல்வார்களா?

பெரும்பாலும் இல்லை. சரிபார்க்கப்படாத அளவீட்டை வைத்து ஒருவருக்கு 'உண்டு', 'இல்லை' என்று சொல்வது தவறு.

டெஸ்ட் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

காத்திருக்காதீர்கள். மூன்று மாதம் ஒரு காலண்டரில் எழுதுங்கள்: எந்த நாள் வலி, பத்துக்கு எவ்வளவு, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை. மலம் கழிக்கும்போது, சிறுநீர் போகும்போது, தாம்பத்திய உறவின்போது வலிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இவற்றை அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாம். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மொழி தடையானால் 'பாளீச்யா வேளீ போட்டாத் கூப் துக்தே' என்ற மராத்தி வாக்கியம் போதும், மீதிக்குக் காலண்டரைக் காட்டுங்கள். சோனோகிராபி எழுதிக் கொடுத்தால், எண்டோமெட்ரியோசிஸ் பார்த்துப் பழக்கமுள்ளவரிடம் எடுக்க முடியுமா, பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். திருமணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ உண்டு. ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மருந்தைத் தொடங்க உறுதியான டெஸ்ட் வேண்டும் என்பதும் இல்லை.

உடனே ஓட வேண்டிய நேரம் எது?

சிஸ்ட் இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், சிஸ்ட் முறுக்கிக்கொண்டோ உடைந்தோ இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் வலியோடு மயக்கம் வந்தால், கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். காய்ச்சலோடு இடுப்பு வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவையும் அப்படித்தான். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலண்டரையும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.